மூங்கில் எலியும் அரிசிப் பன்றியும்

நா சொம்
18 பிப்ரவரி 2005

தங்கை சியெனுக்கு,

இந்தக் கடிதத்தோடு பஸ் டிரைவர் துவானிடம் ஒரு பாட்டிலும் கொடுத்து அனுப்புகிறேன். அது குடிப்பதற்கு அல்ல. போன தடவை அனுப்பிய அரிசிச் சாராயம் என்று நினைத்து உன் ஆபீஸ்காரர்கள் யாராவது வாயில் ஊற்றிவிடப் போகிறார்கள், முதலிலேயே சொல்லி வை. உள்ளே கிடப்பது புழு. ஹாக் வளர்க்கும் மூங்கில் எலி ஒன்றின் குடலைக் கீறி நானே எடுத்தது. எலி எப்படிக் கிடைத்தது என்று கேட்காதே.

ஹாக்கை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நமக்கு மேல்பக்கத்து வீடு. மூன்று வருஷத்துக்கு முன்னால் இரண்டு எலி கொண்டுவந்தான். இப்போது தூண்மேல் நிற்கும் அவன் வீட்டுக்கு அடியில் ஓடு பதித்த தொட்டிகளில் நாற்பதுக்கு மேல் கிடக்கின்றன. பட்டணத்து ஓட்டல்காரர்கள் வண்டி வைத்துக்கொண்டு வந்து கறிக்கு வாங்கிப் போகிறார்கள். ஊருக்கு வரும் விருந்தாளியெல்லாம் முன்பு என் பன்றிகளைப் பார்க்க வருவார்கள். இப்போது அவனுடைய எலிகளைப் பார்க்கப் போகிறார்கள். அதற்கெல்லாம் நான் வயிறு எரிகிறவன் இல்லை. விஷயம் வேறு.

முவோனுக்குக் கல்யாணக் கொண்டை ஏற்ற நாள் குறிப்பதற்காக மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பெண்ணைப் பெற்றவன் பன்றி அடிக்காமல் இருக்க முடியுமா? இரண்டு வருஷம் பிள்ளையைப் போல வளர்த்த பன்றியை விடியற்காலையில் அடித்தேன். கறி சரியில்லை. எப்படிச் சரியில்லை என்று எழுத மாட்டேன், எழுதினால் கடிதமே நாறும். குழி தோண்டிப் புதைத்துவிட்டு, கோழியும் குளத்து மீனும் போட்டுச் சமாளித்தேன். சம்பந்தி கோழிக்காலைக் கடித்துக்கொண்டே, "என்ன பாங், உன் பன்னி கல்யாணத்துக்கு வரமாட்டேன்னுடுச்சா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

என் அப்பன் காலத்திலிருந்து நம் வீட்டுப் பன்றிக்கு ஒன்றும் வந்ததில்லை. இந்த எலிகள் வந்தபிறகுதான் வந்திருக்கிறது. மழை பெய்தால் அவன் தொட்டி கழுவும் தண்ணீர் முழுவதும் என் கொல்லைக்குத்தான் இறங்குகிறது. எலிப் புழு பன்றிக்கு வந்துவிட்டது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

மாதக் கடைசியில் ஊர்க்கூட்டம். நீ இந்தப் புழுவை உன் கால்நடை ஆபீஸ் பூதக்கண்ணாடியில் பார்த்து, எலிப் புழுதான் பன்றியைக் கெடுத்தது என்று முத்திரை போட்ட ஒரு தாள் அனுப்பு. அது போதும், எலிகளை ஊரைவிட்டு எடுக்க வைத்துவிடுவேன். கல்யாணத்துக்கு அடிக்கும் பன்றியும் இப்படி ஆனால் மாப்பிள்ளை வீட்டார் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். முவோன் தன் கொண்டைக்கு வெள்ளி ஊசியே வாங்கி வைத்துவிட்டாள்.

அண்ணன்,
பாங்


சோன் லா
23 பிப்ரவரி 2005

அண்ணாவுக்கு,

பாட்டில் வந்தது. யாரும் குடிக்கவில்லை.

பன்னிரண்டு வருஷமாக மாடு, எருமை, பன்றியின் சாணத்தைக் கண்ணாடியில் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். அதனால் முகதாட்சண்யம் பாராமல் சொல்கிறேன். நீங்கள் அனுப்பியது எலியின் குடலில் வாழும் நாடாப்புழு. ஏதோ ஒரு வண்டைத் தின்று அந்த எலிக்கு வந்திருக்கும். இது பன்றியின் வயிற்றில் குடியேறாது. மாட்டிலும் ஏறாது. ஒவ்வொரு புழுவுக்கும் ஒரு வீடு உண்டு, கண்ட வீட்டில் படுத்துக்கொள்கிற புழு குறைவு.

எலியால் பண்ணை விலங்குக்கு ஒன்றுமே வராது என்று நான் சொல்ல மாட்டேன். செத்த எலியைத் தின்னும் பன்றிக்கு ஒரு வகைப் புழு வரலாம், அது கறிக்குள் சுருண்டுகொள்ளும், மனிதருக்கும் ஆபத்து. ஆகவே எலியை அடித்தால் புதையுங்கள், பன்றிக்குப் போடாதீர்கள். ஆனால் அது நீங்கள் அனுப்பிய புழு இல்லை. ஹாக்கின் தொட்டித் தண்ணீருக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

பன்றிக் கறியில் என்ன பார்த்தீர்கள் என்று எழுதவே இல்லையே. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு எனக்கு எலியின் குடலை அனுப்புகிறீர்கள். தாளும் கிடையாது, முத்திரையும் கிடையாது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். உங்கள் பன்றிகள் கண்ட இடத்தில் மேய்வதை முதலில் நிறுத்துங்கள்.

துவானிடம் ஒரு பொட்டலம் கொடுத்திருக்கிறேன். பூச்சி மாத்திரை, நாடாப்புழுவுக்கும் கேட்கும். வீட்டில் எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள், அளவு உறை மேல் எழுதியிருக்கிறது. எலியின் வயிற்றைக் கிழித்துப் பார்த்தது போதும், உங்கள் வயிற்றையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

முவோனைக் கேட்டதாகச் சொல்லுங்கள். வெள்ளி ஊசி எப்படி இருக்கிறது என்று எழுதச் சொல்லுங்கள்.

சியென்


நா சொம்
6 மார்ச் 2005

சியெனுக்கு,

உன் படிப்பை எனக்குக் காட்டாதே. அப்பா போனபிறகு உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப எந்தப் பன்றிகள் போயின என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? ஹாக் அந்தக் காலத்தில் ஓடைக்கரையில் நின்று உன்னை நோக்கிப் பாடினான் என்பதற்காக இன்றைக்கும் அவன் பக்கம் சாய்கிறாய். சாய்ந்துகொள். எனக்கு என் மகள் பெரிது.

கூட்டத்தில் உன் கடிதத்தைப் படித்தேன். முழுவதும் படிக்கவில்லை. செத்த எலியைத் தின்னும் பன்றிக்குப் புழு வரலாம், அது மனிதருக்கும் ஆபத்து என்று நீயே எழுதியிருந்தாய் அல்லவா, அந்த ஒரு வரியை மட்டும் படித்தேன். நீ எழுதாததை நான் படிக்கவில்லை. ஹாக் எழுந்து, "முழுசாப் படி பாங். சியென் ஒரு வரியில கடுதாசி எழுதுற ஆளில்ல" என்றான். நான் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். ஊர்த் தலைவர் கை தூக்கச் சொன்னார், எல்லோரும் தூக்கினார்கள்.

மறுநாள் நாற்பத்தொரு எலி. சாக்கில் போட்டு அடித்துச் சுண்ணாம்பு தூவிப் புதைத்தோம். சினை எலி ஒன்றை அவன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கேட்டதும் கொடுத்துவிட்டான். அவன் கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

இதுவரைக்கும் போன வாரமே எழுதி வைத்திருந்தேன். இனி எழுதுவது வேறு.

உன் மாத்திரையை எல்லோரும் போட்டுக்கொண்டோம். மூன்றாம் நாள் காலையில் முவோன் தறியில் உட்கார்ந்திருந்தாள். நூல் அறுந்த சத்தம் கேட்டு உன் அண்ணி திரும்பிப் பார்த்தபோது பெண் தரையில் கிடக்கிறாள். கண் மேலே சொருகிவிட்டது. கையும் காலும் இழுக்கிறது, வாயில் நுரை. நான் ஓடிப்போய்ப் பிடித்தேன், என்னால் பிடிக்க முடியவில்லை. பன்றியைக் கட்டிப் போடுகிற கை என்னுடையது, ஐம்பது கிலோ பெண்ணைப் பிடிக்க முடியவில்லை. அன்றைக்கு இரண்டு தடவை, நேற்று ஒரு தடவை.

பூசாரி வந்து முட்டையை உடைத்துப் பார்த்துவிட்டு, நாற்பத்தொரு உயிர் வந்து அவள் தலையில் உட்கார்ந்திருக்கிறது என்று சொன்னார். எனக்குப் புத்தி நிலைக்கவில்லை. அரிவாளை எடுத்துக்கொண்டு ஹாக்கின் வீட்டுப் படியில் ஏறிவிட்டேன். நாலு பேர் இழுத்துக்கொண்டு வந்தார்கள். அவன் கதவுக்குப் பின்னால் நின்றான், நகரவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்குச் செய்தி போய்விட்டது. கொண்டை ஏற்றுவது பிறகு பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

நான் மறைத்ததைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கறி முழுவதும் சோற்றுப் பருக்கை போல வெள்ளை வெள்ளையாக. அரிசிப் பன்றி என்பார்களே, அது. ஊரில் யாருக்கும் தெரியக் கூடாது என்று புதைத்தேன். புதைக்கும் முன்னால் ஒரு துண்டைச் சாராயத்தில் போட்டு வைத்தேன். அதை அனுப்புகிறேன். இப்போதாவது பார்த்துச் சொல், ஹாக்கின் எலிதானே?

பாங்


சோன் லா
9 மார்ச் 2005

அண்ணா,

துவானைப் போகவிடாமல் பஸ் நிலையத்தில் நிறுத்தி வைத்துவிட்டு எழுதுகிறேன். அவசரம், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இது. மீதி மாத்திரை இருந்தால் அடுப்பில் போடுங்கள். முவோனுக்கு இன்னும் ஒன்றுகூடக் கொடுக்கக் கூடாது. அவளை நாளைக்கே இங்கே அனுப்புங்கள், அண்ணி கூட வரட்டும். இங்கிருந்து நான் ஹனோய்க்குக் கூட்டிப் போகிறேன், தலையைப் படம் எடுக்க வேண்டும். வழியில் இழுத்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, கையைக் காலைப் பிடித்து அமுக்கக் கூடாது.

இனி பாட்டில். நான் மூடியைத் திறந்தேன். கண்ணாடி வைத்துப் பார்க்கவே தேவையில்லை.

அண்ணா, இந்த அரிசி எலியிடமிருந்து வராது. ஆயிரம் எலி இருந்தாலும் வராது. இது மனிதரிடமிருந்து மட்டும்தான் வரும். மனிதர் வயிற்றில் ஒரு நாடாப்புழு இருக்கும். அதன் முட்டை மலத்தோடு வெளியே வரும். அதைப் பன்றி தின்றால் அதன் கறியில் இந்த அரிசி விளையும். அந்தக் கறியை வேகாமல் தின்கிறவர் வயிற்றில் மறுபடியும் புழு வளரும். இது பாதிதான். அந்த முட்டை பன்றிக்குள் மட்டும் போவதில்லை. புழு உள்ளவர் கை கழுவாமல் தொட்டதைத் தின்றால், அந்த மண்ணில் முளைத்த கீரையைப் பச்சையாகத் தின்றால், இன்னொரு மனிதருக்குள்ளும் போகும். போனால் பன்றியின் கறியில் விளைந்த அதே அரிசி அந்த மனிதரின் தலைக்குள் விளையும். வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கும்.

முவோன் விழுந்தது பூசாரி சொன்ன காரணத்தால் அல்ல. என்னால். தலையில் அந்த அரிசி இருக்கிறவருக்கு நான் அனுப்பிய மாத்திரையைப் பார்க்காமல் கொடுத்தால், அது அரிசியைக் குத்திக் கிளப்பிவிடும், மூளை வீங்கும், இழுக்கும். இது எனக்குத் தெரியும். படித்திருக்கிறேன். உங்களைக் குத்திக்காட்ட வேண்டும் என்ற வேகத்தில், இனிப்பு வாங்கி அனுப்புவது போல மருந்துக்கடையில் வாங்கி அனுப்பிவிட்டேன். நீங்கள் பன்றிக் கறியை மறைத்தீர்கள், சரி. மறைக்கிறீர்கள் என்று தெரிந்தும் விடாமல் கேட்காதவள் நான். இதை நான் எப்படித் தாங்குவேன் என்று தெரியவில்லை, ஆனால் அது இப்போது முக்கியம் இல்லை.

இனி நான் கேட்பதற்கு மறைக்காமல் பதில் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது வயிற்றிலிருந்து வெள்ளையாக, தட்டையாக, அரிசி நூடுல்சை நறுக்கிப் போட்டது போலத் துண்டுகள் வெளியே வருகின்றனவா? யாருக்கு? எத்தனை நாளாக?

சியென்


நா சொம்
12 மார்ச் 2005

சியென்,

முவோனையும் உன் அண்ணியையும் அனுப்புகிறேன். இந்தக் கடிதம் முவோன் கையில்தான் வருகிறது. உறையை ஒட்டியிருக்கிறேன்.

எனக்குத்தான்.

மூன்று வருஷம் இருக்கும். முதல் தடவை பார்த்தபோது பயந்தேன். சாராயம் குடிக்கிற இடத்தில் சொன்னேன், அங்கே ஒருத்தன், "நல்லா கறி தின்னுறவன் வயித்துலதான் அது இருக்கும், கஞ்சி குடிக்கிறவன்கிட்ட அது ஏன் வரப்போகுது?" என்று சொல்லிச் சிரித்தான். நானும் பெருமையாக எடுத்துக்கொண்டேன். பச்சைக் கறியைக் கொத்தி, காரமும் புளிப்பும் சேர்த்துப் பிசைவதில் இந்த ஊரில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று உனக்குத் தெரியும். எந்த வீட்டு விசேஷத்துக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இந்தக் கைதான் பிசையும்.

நம் கழிப்பறை எங்கே இருக்கிறது என்றும் உனக்குத் தெரியும். பன்றிக் கொல்லைக்கு மேலே நாலு மூங்கில். சுத்தம் செய்ய ஆள் வேண்டாம் என்று அப்பா கட்டியது. உன் மாத்திரை போட்ட மறுநாள் காலையில் முழம் முழமாக வந்தது. கீழே பன்றிகள் முண்டியடித்துக்கொண்டு தின்றன. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சனியன் தொலைந்தது என்று நினைத்தேன்.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். புழு உள்ளவர் தொட்டதைத் தின்றால் என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. முவோனுக்குப் பல் முளைத்த நாளிலிருந்து சோற்றுக் கூடையைத் திறந்ததும் முதல் உருண்டையை நான்தான் பிடித்துக் கொடுப்பேன். பத்தொன்பது வயதாகியும் அவள் விடுவதில்லை. ஒட்டரிசிச் சோறு, அது கையோடு ஒட்டும், நன்றாகப் பிசைந்து அமுக்கித்தான் கொடுக்க வேண்டும். உன் அண்ணி பிடித்துக் கொடுத்தால், "இது கெட்டியா இல்ல, அப்பா புடிச்சது வேணும்" என்பாள். கழிப்பறையிலிருந்து வந்து நான் கை கழுவுவேனா என்று நீ கேட்பாய். தண்ணீர் ஓடையில் இருக்கிறது. கால்சட்டையில் துடைப்பேன்.

சியென், நான் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். உன் வாழ்நாளில் அண்ணன் உன்னிடம் கேட்பது இது ஒன்றாக இருக்கட்டும். எலியால் வந்தது என்று எழுதிக் கொடு. ஊருக்காக இல்லை. முவோனுக்காக. அவள் கேட்டால் எலி என்று சொல். வலிப்பை அவள் தாங்கிக்கொள்வாள். யார் கை என்று தெரிந்தால் தாங்க மாட்டாள். ஹாக் ஏற்கெனவே எல்லாவற்றையும் இழந்துவிட்டான், அவனுக்குப் புதிதாக என்ன போகப்போகிறது? இப்படி எழுதக் கூடாதுதான். எழுதிவிட்டேன்.

அண்ணன்


ஹனோய்
21 மார்ச் 2005

அண்ணாவுக்கு,

ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். முவோன் தூங்குகிறாள், அண்ணி பக்கத்தில் இருக்கிறாள்.

படம் எடுத்தார்கள். டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மூளையில் ஐந்து இடத்தில் இருக்கிறது. நான் பன்றியின் நாக்கில், தொடையில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். என் அண்ணன் மகளின் தலைக்குள் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. முதலில் வீக்கம் குறைய மருந்து, அது குறைந்த பிறகுதான் புழுவுக்கு மருந்து, வலிப்புக்கு மாத்திரை ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ. உயிருக்கு ஆபத்து கடந்துவிட்டது என்று சொன்னார்கள். நான்கு நாளாக இழுப்பு இல்லை. கல்யாணம் செய்துகொள்ளலாம், பிள்ளை பெறலாம், மருந்தை மட்டும் கேட்டுக் கேட்டு மாற்ற வேண்டும். தண்ணீரில் தனியாக இறங்கக் கூடாது, அடுப்புக்குப் பக்கத்தில் தனியாக உட்காரக் கூடாது. எனக்கும் டாக்டரிடம் திட்டு கிடைத்தது. மாத்திரை அனுப்பியது யார் என்று கேட்டார், நான்தான் என்றேன். எல்லார் முன்னிலையிலும் திட்டினார். திட்டட்டும் என்று நின்றேன்.

இனி உங்கள் கடிதம். நீங்கள் உறையை ஒட்டரிசிச் சோற்றால் ஒட்டியிருந்தீர்கள். பஸ்ஸில் ஆறு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கும் பெண்ணின் மடியில் அந்த உறை எவ்வளவு நேரம் மூடியிருக்கும்? அவள் எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் என் வாசலில் வந்து நின்றாள். ஆனால் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. படம் எடுத்து முடித்த அன்று மாலை என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அத்தை, அப்பா கேட்ட மாதிரியே எலியாலன்னு எழுதிக் குடுத்துடு. எனக்குத் தெரியாதுன்னு அவரு நெனச்சுக்கட்டும். தெரியும்னு தெரிஞ்சா அவரு அப்புறம் எனக்கு ஒரு உருண்டை புடிச்சுத் தரமாட்டாரு."

அண்ணா, நீங்கள் அவளைக் காப்பாற்ற ஒரு பொய் கேட்கிறீர்கள், அவள் உங்களைக் காப்பாற்ற அதே பொய்யைக் கேட்கிறாள். இரண்டு பேருக்கும் நடுவில் நான் என்ன செய்வேன்? அழுதேன். அழுது முடித்துவிட்டு அவளிடம் முடியாது என்று சொன்னேன். உங்களிடமும் அதையே சொல்கிறேன். எலி என்று நான் எழுதிக் கொடுத்தால் ஊரில் எல்லோரும் எலியைத்தான் அடிப்பார்கள். நா சொம்மில் இன்னும் எத்தனை பேர் கொல்லைக்கு மேலே நாலு மூங்கில் போட்டு உட்கார்கிறார்கள்? எத்தனை பேர் வயிற்றில் இருக்கிறது, எத்தனை பேர் தலையில் இருக்கிறது? மூன்று வருஷமாக எந்தெந்த வீட்டில் உங்கள் கை பிசைந்திருக்கிறது? அடுத்து ஒரு பெண் தறியில் விழாமல் ஓடையில் விழுந்தால்?

ஹாக்குக்குப் புதிதாக என்ன போகப்போகிறது என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியைப் படித்தபோது எனக்கு உங்களைப் பிடிக்கவில்லை. அவன் என்னைப் பார்த்துப் பாடியதற்காக இல்லை. அவன் என்ன தப்புச் செய்தான் என்பதற்காக.

மாத்திரை போட்ட மறுநாள் தின்ற அந்தப் பன்றிகளை விற்காதீர்கள், கொடுக்காதீர்கள், கொன்று எரித்துவிடுங்கள். கழிப்பறையை இடித்துவிட்டுக் குழி வெட்டுங்கள். கூட்டம் போடச் சொல்லுங்கள். என்னுடைய எல்லாக் கடிதங்களையும் கொண்டுபோய் முதல் எழுத்திலிருந்து படியுங்கள். மாத்திரை விஷயத்தை எடுத்துவிடாதீர்கள், அதுவும் ஊருக்குத் தெரியட்டும், யாரும் தாங்களாகவே வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது. நீங்கள் படிக்காவிட்டால் நான் வந்து படிப்பேன். நீங்களே படிப்பது நல்லது.

சியென்


நா சொம்
27 மார்ச் 2005

சியெனுக்கு,

பன்றிகளை எரித்தேன். ஏழு. கழிப்பறையை வெட்டிப் போட்டேன். அதெல்லாம் கையால் செய்கிற வேலை, செய்துவிட்டேன். கூட்டம்தான் மலையாக இருந்தது.

நேற்று மாலை ஊர்த் தலைவர் வீட்டுக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பாவும் வந்திருந்தார், நான்தான் வரச் சொன்னேன். ஹாக் வாசல் பக்கம் உட்கார்ந்திருந்தான். நான் உன் முதல் கடிதத்தை எடுத்து, போன தடவை நான் படிக்காமல் விட்டது இவ்வளவு என்று சொல்லிவிட்டுப் படித்தேன். இரண்டாவதையும் படித்தேன். ஹனோயிலிருந்து வந்ததையும் படித்தேன். உருண்டை என்ற இடத்தோடு நிறுத்திவிட்டேன், மீதியைத் தலைவர் வாங்கிப் படித்தார். பிறகு நான் எழுந்து, அந்தப் புழு என் வயிற்றில் இருந்தது, மூன்று வருஷம், இந்தக் கையால்தான் உங்கள் எல்லார் வீட்டிலும் கறி பிசைந்தேன் என்று சொன்னேன். காறித் துப்புவார்கள் என்று நினைத்திருந்தேன். பெண்கள் தங்கள் பிள்ளைகளைப் பார்த்தார்கள். பிறகு ஒருவன், என்னைக் கறி தின்கிறவன் என்று பாராட்டிச் சிரித்தவனேதான், தரையைப் பார்த்துக்கொண்டு எனக்கும் வருகிறது என்றான். அப்புறம் இன்னொருவன். அப்புறம் தலைவரின் தம்பி. ஆறு பேர்.

சம்பந்தி கலைந்து போகும்போது என் தோளைத் தொட்டார். பெண் குணமாகி வரட்டும், கொண்டையை அவள் மாமியார்தான் ஏற்றுவாள், வேறு யாரும் இல்லை என்று சொன்னார். எனக்கு இதை முவோனிடம் நேரில் சொல்ல ஆசை, ஆனால் என்னால் சொல்ல முடியுமா தெரியவில்லை, நீயே சொல்லிவிடு, அவள் காத்திருப்பாள்.

எல்லோரும் போனபிறகு ஹாக் மட்டும் போகவில்லை. நான் அவன் காலில் விழப் போனேன், தடுத்துவிட்டான். இனி ஒரு வருஷம் எந்தத் தொட்டியும் நான் கட்டித் தருகிறேன், எலிக்குட்டி எங்கே கிடைத்தாலும் தேடித் தருகிறேன் என்று என்னென்னவோ சொன்னேன். அவன் அதையெல்லாம் கேட்டதாகவே தெரியவில்லை. பிறகு சொன்னான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"பாங், என் பொண்டாட்டி லுன் போன மழைக்காலத்துலேருந்து இப்படித்தான் விழுறா. பேய்னு சொல்லிடுவாங்கன்னு நான் யார்கிட்டயும் சொல்லல, கதவைச் சாத்தி வெச்சிருக்கேன். அன்னிக்கு நீ அரிவாளோட படி ஏறினப்பவும் அவ உள்ள விழுந்து கெடந்தா, அதான் நான் கதவை விட்டு நகரல. எங்க வீட்டுல பச்சைக் கறி தின்னுறதில்ல. ஆனா உன் கொல்லைக் கொத்தமல்லியையும் புதினாவையும் தெனமும் பறிச்சுத் தின்னோம். நீதான பறிச்சுக்கோன்னு சொன்ன."

சியென், நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கொத்தமல்லிக்கு நான் எங்கிருந்து எரு அள்ளிப் போடுவேன் என்று உனக்குத் தெரியும். நாற்பத்தொரு எலியை அவனிடமிருந்து பிடுங்கி அடித்தேன். உள்ளே அவன் மனைவி என்னால் விழுந்து கிடந்திருக்கிறாள்.

ஹாக் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அந்த ஹனோய் டாக்டர் லுன்னையும் பாப்பாரா? துவான்கிட்ட பஸ்ஸுல ரெண்டு எடம் சொல்லி வை" என்றான்.

மூன்று இடம் சொல்லியிருக்கிறேன். இந்தக் கடிதத்தை நானே கொண்டு வருகிறேன், நேரில் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது என்று தெரிந்துதான் எழுதினேன். உறை மேல் இப்படி எழுதப்போகிறேன்: ஹனோய் பஸ் நிலையத்தில் என் கையிலிருந்து இதை வாங்கிப் பையில் வைத்துக்கொள், அப்புறம் படி. முதலில் லுன்னைக் கையைப் பிடித்து இறக்கு, அவள் பத்து மாதமாக வெளியே வந்ததில்லை.

பாங்